மனிதன் வந்த வழியை வகுப்பறையில் சொல்வது

என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்றொரு பாடம் இருந்தது. 2023இல் அச்சாகி வந்த நூலில் அதன் பெயர் ‘மரபு’ என்று மட்டும் நின்றது. கொரோனா காலத்தில் மாணவர்களின் சுமையைக் குறைப்பதற்காகச் செய்த சீரமைப்பு என்று காரணம் சொன்னார்கள். பரிணாமம் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கத்தான் செய்கிறது என்றும் சொன்னார்கள். நீக்கியதைத் திரும்பச் சேர்க்கக் கோரி பிரேக்த்ரூ சயின்ஸ் சொசைட்டி வெளியிட்ட திறந்த மடலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கல்வியாளர்களும் கையெழுத்திட்டார்கள். அப்போது நடந்த விவாதம் பெரும்பாலும் டார்வின் என்ற பெயரைச் சுற்றியே இருந்தது. நீங்கிப்போன பக்கங்களில் என்ன எழுதியிருந்தது என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

அந்தப் பாடத்தின் முடிவில் மனிதப் பரிணாமம் பற்றி ஒரு சிறு பகுதி உண்டு. தோல் நிறத்தை வைத்து மனிதர்களைப் பல இனங்களாகப் பிரித்துப் பேசிய காலம் இருந்தது, அந்தப் பிரிவினைக்கு உயிரியல் அடிப்படை எதுவும் இல்லை என்று அது சொன்னது. நாம் எல்லோரும் ஒரே சிற்றினம், நம் தோற்றுவாய் ஆப்பிரிக்கா என்று சொன்னது. பரிணாமத்தை ‘முன்னேற்றம்’ என்று எண்ணிவிடக் கூடாது, மனிதன் ஒரு படிக்கட்டின் உச்சியில் நிற்பவன் அல்லன் என்றும், சிம்பன்சியிலிருந்து மனிதன் வரவில்லை, இருவருக்கும் பொதுவான மூதாதை உண்டு என்றும் விளக்கியது. மனிதப் பரிணாமம் பற்றி உலகெங்கும் நிலவும் தவறான எண்ணங்களில் முக்கியமானவை எவையோ, அவை ஒவ்வொன்றுக்கும் அந்தச் சில பத்திகளில் பதில் இருந்தது. இந்தியப் பள்ளி நூல் ஒன்றில் வந்த மிக நல்ல பக்கங்களில் அவையும் சேரும் என்பேன்.

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்ற சமாதானம் போதாது. அறிவியலை எல்லோரும் பொதுவாகப் படிப்பது பத்தாம் வகுப்பு வரைதான். பிறகு வணிகவியல் எடுப்பவர், கலைப்பிரிவு எடுப்பவர், கணினியோடு கணிதம் எடுப்பவர் என்று பிரிந்து போகிறார்கள். உயிரியலை விரும்பி எடுப்போர் ஒரு பகுதியினரே. சி.பி.எஸ்.இ.யில் மட்டும் ஆண்டுதோறும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு, தாம் யார், எங்கிருந்து வந்தோம் என்று அறிவியல் சொல்லும் விடையைக் கேட்பதற்கான கடைசி வாய்ப்பு அந்தப் பாடம்தான்.

இதற்கு ஐந்தாண்டு முன்பே அறிகுறி தெரிந்தது. 2018 ஜனவரியில் ஒன்றியக் கல்வித் துறையின் இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறு, குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, பள்ளி கல்லூரிப் பாடங்களை மாற்ற வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் ஒன்றாகச் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட்டன. மூத்த அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் அப்படிப் பேச வேண்டாம் என்று தம் இணை அமைச்சரைக் கேட்டுக்கொண்டார். பாடம் அப்போது தப்பியது.

பிற நாடுகளின் வரலாற்றைப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. தாவரமோ பூச்சியோ பரிணமித்தது என்று சொன்னால் யாரும் கொதிப்பதில்லை. மனிதனைச் சேர்க்கும்போதுதான் சண்டை வருகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் 1925இல் இயற்றிய பட்லர் சட்டம் பரிணாமம் முழுவதையும் தடை செய்யவில்லை. கீழ்நிலை விலங்குகளிலிருந்து மனிதன் தோன்றினான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பதைத்தான் குற்றமாக்கியது. டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மீது வழக்கு நடந்து 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் நடைமுறைப் பிழையைக் காட்டி அந்தத் தீர்ப்பு ரத்தானாலும் சட்டம் 1967 வரை நீடித்தது. அடுத்த ஆண்டு அத்தகைய தடைகளே அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு படைப்புக் கொள்கையையும் பரிணாமத்துக்கு ஈடாகக் கற்பிக்க வேண்டும் என்று வேறு வடிவில் வந்த முயற்சிகள் 1987இலும், பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் 2005இலும் நீதிமன்றத்தில் தோற்றன.

துருக்கி 2017இல் உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது, அதைப் புரிந்துகொள்ளும் பின்னணி அந்த வயதில் இல்லை என்று காரணம் காட்டியது. எதிர்ப்பு என்று சொல்லாமல் வயது, சுமை என்று சொல்லி நீக்குவது இந்தக் காலத்து வழிமுறை. தென்னாப்பிரிக்காவின் கதை இவை எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது. மனித மூதாதையரின் எலும்புகள் உலகிலேயே மிகுதியாகக் கிடைத்த நிலங்களில் அதுவும் ஒன்று. 1924இல் டவுங் என்ற இடத்தில் கிடைத்த குழந்தை மண்டையோட்டை ரேமண்ட் டார்ட் ஆராய்ந்து, மனிதன் தோன்றியது ஆப்பிரிக்காவில் என்ற கருத்துக்கு வலுவான முதல் சான்றைத் தந்தார். ஆனால் நிறவெறி ஆட்சியின் பள்ளிகளில் பரிணாமத்துக்கு இடமில்லை. அந்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பாடம் வந்தது 2008இல்தான். தம் காலடி மண்ணில் கிடைத்த சான்றை அங்குள்ள பிள்ளைகள் கேட்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சமயத்துக்கும் இந்தப் பாடத்துக்கும் பகை தீராது என்று எண்ண வேண்டியதில்லை. பரிணாமம் வெறும் அனுமானம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1996இலேயே ஏற்றுக்கொண்டார். கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் இது இயல்பாகக் கற்பிக்கப்படுகிறது. பக்தியுள்ள ஆசிரியர்கள் எத்தனையோ பேர் மனச்சிக்கல் இல்லாமல் இதை நடத்துகிறார்கள்.

சட்டமும் அமைச்சரும் செய்யும் கேடு கண்ணுக்குத் தெரியும். வகுப்பறையின் தயக்கம் தெரியாது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர் 926 பேரிடம் மைக்கேல் பெர்க்மனும் எரிக் புளூட்சரும் நடத்திய ஆய்வு 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பரிணாமத்தைத் தயக்கமின்றி, முறையாகக் கற்பிப்போர் 28 விழுக்காடு. படைப்புக் கொள்கையை வெளிப்படையாக ஆதரிப்போர் 13 விழுக்காடு. மீதிப் பெரும்பான்மை இரண்டிலும் சேராதவர்கள், சர்ச்சை வேண்டாமென்று பாடத்தை மேலோட்டமாக முடித்துக்கொள்பவர்கள். பரிணாமத்தைத் தனிப் பாடமாகப் படித்துத் தேறியிருந்த ஆசிரியர்களிடம் அந்தத் தயக்கம் குறைவாக இருந்தது. ஆசிரியருக்குத் துணிவைத் தருவது பயிற்சிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிலைமை வேறு. இங்கே யாரும் பாடத்தை நீக்கவில்லை. 1930களில் ‘குடி அரசு’ இதழில் ம. சிங்காரவேலர் அறிவியல் கட்டுரைகள் எழுதிய மண் இது. டார்வின் பெயரைச் சொன்னால் பெற்றோர் திரண்டு வந்து பள்ளி வாசலில் நிற்பதில்லை. ஆனாலும் பாடம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. லாமார்க், டார்வின், கருவியல் சான்றுகள், தொல்லுயிர்ச் சான்றுகள் எல்லாம் பத்தாம் வகுப்பு அறிவியலில் பிற்பகுதியில் வருகின்றன. பொதுத் தேர்வு நெருங்கித் திருப்புதல் தேர்வுகள் ஓடும் காலம் அது. மனிதனின் கதையோ ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் வரலாற்றுப் பாடமாக வருகிறது. அறிவியல் ஆசிரியர் குருவியின் அலகையும் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தையும் விளக்குகிறார். சமூக அறிவியல் ஆசிரியர் ஆஸ்ட்ரலோபிதிகஸ், ஹோமோ எரக்டஸ், நியாண்டர்தால் என்று பெயர்களைச் சொல்கிறார். ஒருவர் சொல்லும் இயற்கைத் தேர்வும் மற்றவர் சொல்லும் மண்டையோடுகளும் ஒரே கதை என்பதை மாணவருக்குச் சொல்ல நேரம் யாருக்கும் வாய்ப்பதில்லை. கடைசியில் எந்த மனிதன் எங்கே கிடைத்தான் என்ற பொருத்துக வினாவாகவும் ஒரு மதிப்பெண் வினாவாகவும் அது சுருங்கிவிடுகிறது.

பெயர்களைவிட ஆழமாகப் பதிவது ஒரு படம். குனிந்த குரங்கு, கொஞ்சம் நிமிர்ந்த குரங்கு, அரைமனிதன், கடைசியில் ஈட்டியோடு நிமிர்ந்து நடக்கும் ஆண். 1965இல் டைம்-லைஃப் வெளியிட்ட ‘ஆதி மனிதன்’ நூலுக்காக ருடால்ஃப் சாலிங்கர் வரைந்த விரிபடத்திலிருந்து பிறந்த காட்சி இது. சட்டை விளம்பரம் வரை வந்துவிட்டது. ஒன்று மறைந்து மற்றொன்று வந்தது, ஒவ்வொன்றும் முந்தையதைவிட மேலானது, கடைசியில் வருவது நாம், அதுவும் ஓர் ஆண் என்று அந்த வரிசை சொல்லாமல் சொல்கிறது. இந்த நான்கும் தவறு. வரிசையாக நின்றவர்கள் அல்லர் அவர்கள். பல கிளைகள் ஒரே காலத்தில் வாழ்ந்தன. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் சுமார் 3,00,000 ஆண்டுகளுக்கு முன் நம் இனத்தவர் வாழ்ந்தபோது ஐரோப்பாவில் நியாண்டர்தால்கள் இருந்தார்கள், தென்னாப்பிரிக்காவில் ஹோமோ நலேடி இருந்தது.

‘மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் இப்போது குரங்குகள் ஏன் இருக்கின்றன?’ என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். கேட்காத வகுப்பில் பாடம் நடக்கவில்லை என்றே பொருள். நம் பிள்ளைகளுக்கு உறவுமுறை நன்றாகத் தெரியும். பெரியப்பா மகன் எனக்கு அப்பா ஆகிவிட மாட்டான். அவனுக்கும் எனக்கும் தாத்தா ஒருவர். அவன் இருக்கிறான் என்பதால் நான் இல்லாமல் போவதுமில்லை. சிம்பன்சியும் நாமும் அப்படிப்பட்ட பங்காளிகள். அந்தப் பொதுத் தாத்தா ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் இருந்தார். சாட்சி நம் உடம்பிலேயே இருக்கிறது. பிற மனிதக் குரங்குகளுக்கு 48 குரோமோசோம்கள், நமக்கு 46. நம்முடைய இரண்டாம் குரோமோசோம், குரங்குகளில் தனித்தனியாக இருக்கும் இரண்டு ஒட்டிச் சேர்ந்தது. ஒட்டிய தடம் அதன் நடுப்பகுதியில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. முன்பே இதை எதிர்பார்த்துத் தேடிப் பார்த்துக் கண்டது என்பதை மாணவருக்குச் சொல்ல வேண்டும். அறிவியல் எப்படி வேலை செய்கிறது என்பதே இந்தப் பாடத்தின் பாதிப் பயன்.

அப்படியானால் மனிதனை வைத்துப் பரிணாமத்தைச் சொல்வதே எளிதல்லவா என்ற கேள்வியை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பிரியானா பாபினரும் குழுவினரும் எடுத்துக்கொண்டார்கள். தோல் நிறம், மலேரியா, மலை உச்சியில் மூச்சு விடுதல் போன்ற மனித எடுத்துக்காட்டுகளை மட்டும் கொண்டு பாடங்கள் தயாரித்து உயர்நிலைப் பள்ளிகளில் சோதித்தார்கள். சமய நம்பிக்கையுள்ள மாணவரோடு மரியாதையாக உரையாடுவதற்கென்றே ஒரு பகுதியையும் சேர்த்திருந்தார்கள். மாணவர்களின் புரிதல் உயர்ந்தது. மனிதனைத் தவிர்த்தால் சண்டை வராது என்று நம்பித் தவிர்க்கும் ஆசிரியர், தம் கையில் இருக்கும் மிக நல்ல கருவியைக் கீழே வைத்துவிடுகிறார்.

அந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று நம் நீலகிரியில் இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் பண்பு முதன்முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடையே. லெஹ்மன், கட்புஷ் இருவரும் அதை அறிவித்தார்கள். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் கடும் சோகை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் நோய் இல்லை, மாறாகக் கடும் மலேரியாவுக்கு எதிராகப் பாதுகாப்பு. மலேரியா மிகுந்த காடுகளில் அந்த மரபணு தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்கு இதுவே காரணம். இயற்கைத் தேர்வுக்குக் கலாபகோஸ் தீவு வரை போக வேண்டியதில்லை. பந்தலூரிலோ கூடலூரிலோ பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அது வகுப்பிலேயே இருக்கக்கூடும். அதனாலேயே கவனமும் வேண்டும். எந்தக் குழந்தையும் நோயின் பெயரால் சுட்டப்படக் கூடாது. குறைபாடு என்று சொல்லாமல், தன் முன்னோரைக் காப்பாற்றிய ஒரு மாற்றம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லலாம். அது உண்மையும்கூட.

கல்லும் நம்மிடம் இருக்கிறது. 1863 மே 30 அன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். சில மாதங்களில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றின் கிளை ஓடையருகே அதிரம்பாக்கத்தைக் கண்டார்கள். டார்வினின் நூல் வெளியாகி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். மனிதத் தொன்மை பற்றிய விவாதம் லண்டனில் சூடாக நடந்த அதே ஆண்டில் சென்னைக்கு அருகே சான்று கிடைத்தது. பின்னாளில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் குழுவினரும் அதிரம்பாக்கத்தில் பல்லாண்டுகள் அகழ்ந்தார்கள். அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011இல் அறிவித்தார்கள். இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள்.

15 லட்சம் ஆண்டு என்றால் நம் இனமே தோன்றாத காலம். அப்படியானால் அந்தக் கருவியைச் செய்தது யார்? எலும்பு கிடைக்கவில்லை. இந்தியா முழுவதிலும் அத்தகைய பழைய மனித இனத்தின் மண்டையோடு என்று கிடைத்தது ஒன்றுதான். 1982இல் மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில் நர்மதைப் படிவிலிருந்து அருண் சோனாக்கியா எடுத்த மண்டையோட்டுப் பகுதி அது. கருவி இருக்கிறது, செய்தவர் முகம் இல்லை என்ற இந்த நிலையை ஒரு வகுப்பின் முன் வைத்துப் பாருங்கள். பதில் தெரிந்த கேள்விகளை மட்டுமே பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, பெரியவர்களும் தேடிக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்று கிடைக்கும். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதற்கு இணையான செல்வம் உண்டு. பாகியன்கல குகையில் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே நம் இனத்தவர் எலும்பு அம்புமுனைகளால் குரங்கையும் அணிலையும் வேட்டையாடி மழைக்காட்டில் வாழ்ந்திருக்கிறார்கள்.

பாடநூல் பிழைபட்டால் அதுவே பாடமாகலாம். சிவாலிக் மலையடிவாரத்தில் 1930களில் கிடைத்த ஒரு தாடைத் துண்டுக்கு ராமபிதிகஸ் என்று பெயரிட்டு, 1960களில் அதை மனித மூதாதை என்று உலகமே கொண்டாடியது. 1967இல் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்கக் குரங்குகளும் பிரிந்தது சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான், ஆகவே அத்தனை பழைய தாடை மனித மூதாதையுடையதாக இருக்க முடியாது என்றார்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பாகிஸ்தானின் போத்வார் பகுதியில் கிடைத்த முகப்பகுதி 1982இல் வெளியானபோது, அது ஒராங்குட்டானின் உறவு என்பது தெரிந்தது. ராமபிதிகஸை மனித மூதாதை என்று முன்னின்று வாதிட்ட டேவிட் பில்பீமே அந்த முகத்தையும் வெளியிட்டார். ஆனால் என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு நூல் அதற்குப் பின்னும் பல பதிப்புகளில் ராமபிதிகஸ் ‘கூடுதலாக மனிதனைப் போன்றது’ என்ற கருத்தையே சொல்லிவந்தது. அந்த ஒற்றை வரியை நீக்கிவிட்டு இந்தக் கதையை எழுதினால், சான்று வந்தபோது தம் கருத்தைத் தாமே கைவிடும் நேர்மையை மாணவர் கற்பார்.

இனி, இந்தப் பாடத்தின் இருண்ட பக்கம். அதை மறைத்துவிட்டு மனிதப் பரிணாமம் கற்பிப்பது அபாயம். ஸ்கோப்ஸ் வழக்கில் பேசப்பட்ட ‘சிவிக் பயாலஜி’ என்ற 1914ஆம் ஆண்டுப் பாடநூல் மனிதர்களை ஐந்து இனங்களாகப் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைத்தது. ‘தகுதியற்றவர்’ பெருகாமல் தடுக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டு வாதத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. பரிணாமத்தை ஆதரித்த நூல்தான் அது. நம் நாட்டில் ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கை அளந்து, சாதியின் உயர்வு தாழ்வு மூக்கின் அகலத்தில் தெரியும் என்று எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தலைகளையும் மூக்குகளையும் அளந்து அளந்து குறித்துவைத்தார். அந்த எண்களின் நிழல் நம் பேச்சில் இன்னும் இருக்கிறது. ‘பார்த்தாலே தெரியும்’ என்று முகத்தையும் நிறத்தையும் காட்டிச் சாதி சொல்லும் பழக்கம் பள்ளி வளாகத்துக்குள்ளும் இருக்கிறது.

இதற்கு விடை இன்றைய மரபியலிடம் இருக்கிறது. ரிச்சர்ட் லெவன்டின் 1972இல் காட்டியபடி, மனிதர்களிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே இருப்பது மிகக் குறைவு. இந்தியாவைப் பற்றி ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்த குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேராகப் பேசுகிறது. ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த மண்ணின் மக்கள் பரவலாகக் கலந்தார்கள். அகமணம் அதன் பின்னரே இறுகியது. தனித்து வாழ்ந்த பழங்குடிகள் உட்பட அநேகமாக எல்லாரிடமும் அந்தக் கலப்பின் தடம் இருக்கிறது. கலப்பே இல்லாத தூய வம்சம் என்று மார்தட்டும் எந்தப் பேச்சுக்கும் இதில் இடமில்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் நம் எல்லாருடைய டி.என்.ஏ.விலும் ஒன்றிரண்டு விழுக்காடு நியாண்டர்தாலிடமிருந்து வந்தது. அதைப் படித்தறிந்ததற்காகத்தான் ஸ்வாந்தே பேபோ 2022இல் நோபல் பரிசு பெற்றார்.

என்.சி.இ.ஆர்.டி. நூலிலிருந்து போன பக்கங்களை நான் பெரிதாக எண்ணுவது இதனால்தான். இனம் என்பதற்கு உயிரியல் அடிப்படை இல்லை என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு அறிவியல் நூல் சொல்வது, குடிமையியல் பாடத்தில் சமத்துவம் என்று சொல்வதைவிட ஆழமாக இறங்கும். அறம் சொல்வதை ‘சொல்லத்தான் செய்வார்கள்’ என்று தள்ளிவிடலாம். சான்றைத் தள்ளிவிடுவது கடினம்.

சிறு வயதுக்கு இது கனம் என்ற வாதத்துக்கும் ஆய்வு பதில் சொல்லியிருக்கிறது. டெபோரா கெலமனும் உடன் ஆய்ந்தவர்களும் 2014இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளே ஒரு படக்கதை வழியாக இயற்கைத் தேர்வின் அடிப்படையைப் புரிந்துகொண்டு வேறொரு விலங்குக்கும் பொருத்திச் சொன்னார்கள். உயிர்கள் தமக்குத் தேவையானதை விரும்பி வளர்த்துக்கொண்டன என்ற எண்ணம் வயது ஏற ஏற இறுகுகிறது. ஆகவே தள்ளிப்போடுவதுதான் பாடத்தைக் கடினமாக்குகிறது. இங்கிலாந்து 2014 முதல் தொடக்கப் பள்ளியின் ஆறாம் ஆண்டிலேயே பரிணாமத்தைச் சேர்த்துவிட்டது.

என்.சி.இ.ஆர்.டி. அந்தப் பகுதியைப் பத்தாம் வகுப்புக்குத் திரும்பத் தர வேண்டும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டக் குழுவினரிடம் கேட்பது இன்னும் எளியது. ஆறாம் வகுப்பு வரலாற்றில் இருக்கும் மனிதனின் கதையையும் பத்தாம் வகுப்பு அறிவியலில் இருக்கும் இயற்கைத் தேர்வையும் ஒன்றாக இணைத்து எழுதுங்கள். வரிசைப் படத்தை எடுத்துவிட்டுக் கிளைத்த மரத்தைப் போடுங்கள். அதிரம்பாக்கத்தையும் நீலகிரியையும் அந்தப் பாடத்துக்குள் கொண்டு வாருங்கள். இரண்டு பாட ஆசிரியர்களையும் ஒரே பயிற்சி அறையில் உட்காரவையுங்கள். ஃபூட் சேகரித்த கருவிகளை அரசு 1904இல் வாங்கி எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தது. பூண்டியில் தொல்பழங்காலக் கருவிகளுக்கென்றே ஓர் அகழ்வைப்பகம் இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம், சென்னை மாவட்டப் பள்ளிகளிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஆசிரியர்களே, இந்த ஆண்டுச் சுற்றுலாவுக்குப் பூண்டியைத் தேர்ந்தெடுங்கள்.